ஹார்மோன் பரிசோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் கைப்பேசிக்கு வரும் அறிக்கையைத் திறப்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது தடித்த எழுத்தில் அச்சான எண்ணின் மேல்தான். எண்ணுக்கு எதிரே அதிகம் என்றோ குறைவு என்றோ குறித்திருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சரியான உறக்கம் இருக்காது. குறி எதுவும் இல்லையென்றால் அறிக்கை அலமாரிக்குள் போய்விடும். ஹார்மோன் பரிசோதனையைப் பொறுத்தவரை இந்த இரண்டு வழக்கங்களுமே ஆபத்தானவை. தனியாக நிற்கும் ஒரு ஹார்மோன் எண் மிகக் குறைவாகவே பேசும். அந்தச் சுரப்பியை ஏவுவது எது, அந்த ஹார்மோன் எதைக் கட்டுப்படுத்துகிறது, ரத்தம் எடுத்த நேரம் என்ன என்ற மூன்றையும் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.

அப்படிச் சேர்த்து வாசிக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் அறிக்கையைப் புரிந்துகொண்டு மருத்துவர் முன் அமர்பவருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடம், புரியாமல் அமர்பவருக்குக் கிடைக்கும் அரைமணி நேரத்தைவிடப் பயனுள்ளது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏவல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நாளமில்லாச் சுரப்பிகள் தாம் சுரப்பதைக் குழாய் வழியே அனுப்பாமல் நேராக ரத்தத்தில் விடுகின்றன. ரத்தம் போகும் இடமெல்லாம் ஹார்மோனும் போகிறது. அதற்குரிய ஏற்பி அமைந்த செல்கள் மட்டுமே அதற்குச் செவிசாய்க்கின்றன. குடலில் அமிலம் பட்டவுடன் கணையம் சுரக்கத் தொடங்குவது நரம்பின் வேலை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். குடலுக்குப் போகும் நரம்புகளை அகற்றிய பிறகும் கணையம் சுரக்கிறது என்று 1902ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவரும் காட்டிய பிறகே, ரத்தத்தின் வழியாகவும் செய்தி போக முடியும் என்பது நிலைபெற்றது. இந்தச் செய்திக்குத் தேவைப்படும் அளவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. தைராய்டு ஹார்மோனில் உண்மையில் வேலை செய்யும் பகுதியான ஃப்ரீ டி4, ஒரு லிட்டர் ரத்த நீர்மத்தில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது.

இவ்வளவு நுண்ணிய அளவை உடல் எப்படி நிலையாக வைத்திருக்கிறது? மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதன் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தப் பிட்யூட்டரிதான் தைராய்டு, அட்ரினல், விந்தகம், சினைப்பை ஆகியவற்றை ஏவுகிறது. அவை சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் போதிய அளவுக்கு வந்ததும், அந்த ஹார்மோனே திரும்பிப் போய் மேலிருந்து வரும் ஏவலைக் குறைக்கிறது. பேச்சிப்பாறை அணையை நினைத்துப் பாருங்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற தகவல் வந்தால் மதகை உயர்த்துவார்கள். வயல் நிறைந்துவிட்டது என்று தெரிந்தால் இறக்குவார்கள். மதகு முழுவதும் உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் பெருகிக் கிடக்கிறது என்று ஒருவர் முடிவு செய்தால் அது தவறு. கடைமடை காய்ந்து கிடப்பதால்தான் மதகு உயர்ந்திருக்கிறது. பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் ஏவலான டி.எஸ்.எச். அதிகமாக இருப்பவருக்குத் தைராய்டு வேலை குறைந்திருப்பதன் காரணமும் இதுவே.

எல்லாச் சுரப்பிகளும் பிட்யூட்டரிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ரத்தச் சர்க்கரையைத் தாமே உணர்ந்து இன்சுலினையும் குளுக்ககானையும் விடுகின்றன. தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் கால்சியத்தைத் தாமே உணர்கின்றன. ஆகவே அறிக்கையில் எந்த ஹார்மோனைக் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் இணை எது? தைராய்டு ஹார்மோனுக்கு இணை டி.எஸ்.எச்.; அட்ரினல் சுரக்கும் கார்டிசாலுக்கு இணை, அட்ரினலை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச்.; இன்சுலினுக்கு இணை ரத்தச் சர்க்கரை; பாராதைராய்டு ஹார்மோனுக்கு இணை கால்சியம். இணை இல்லாமல் வந்திருக்கும் அறிக்கையை அரைகுறை அறிக்கை என்றே கொள்ளலாம், சில இடங்களில் அந்த அரையே போதுமானது என்றாலும்.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

குலசேகரம், திற்பரப்பு பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் பரிசோதனைக்கு வருவதைக் கவனித்தால், சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். அவர் நள்ளிரவு கடந்து சிறிது நேரத்திலேயே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருப்பார். மரம் மரமாக வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றி முடித்து, விரல் இடுக்கில் காய்ந்த பால் ஒட்டியிருக்க, காலை பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சில் வந்து அமர்வார். வெறும் வயிறா என்று கேட்டால் ஆமாம் என்பார். விடியற்காலையில் சர்க்கரை போட்டுக் குடித்த கட்டன் சாயா அவர் கணக்கில் உணவு அல்ல. அறிக்கையில் 'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்று அச்சாகும் எண் அந்தச் சாயாவையும் எட்டு மணி நேர உழைப்பையும் சேர்த்தே சொல்கிறது என்பது அதன் பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெறும் வயிறு என்றால் தண்ணீர் தவிர வேறு எதுவும் எட்டு மணி நேரத்துக்கு உள்ளே போகக் கூடாது. கருப்பட்டிக் காப்பி, பால் சேர்க்காத தேநீர், வெற்றிலை எல்லாம் இந்தத் தடையில் அடங்கும். தைராய்டு பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழும் இயல்புடையது என்பதால், முதல் முறை காலை ஏழரைக்கு எடுத்தவர் அடுத்த முறையும் அதே நேரத்தில் எடுப்பது ஒப்பீட்டுக்கு நல்லது. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். குறிப்பாக ஃப்ரீ டி4 பார்க்கும் நாளில் இது முக்கியம், ஏனெனில் மாத்திரை உண்ட சில மணி நேரத்தில் அந்த எண் தற்காலிகமாக உயர்ந்து நிற்கும்.

கார்டிசால் விடியற்காலையில் உச்சத்தை எட்டி நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்திருக்கும். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கும்படி மருத்துவர்கள் எழுதுவது, இரவில் உறங்கிக் காலையில் எழும் மனிதரை மனத்தில் கொண்டுதான். பால் வெட்டுபவர்களுக்கும், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைகளிலிருந்து இரவுக் கடலுக்குப் போகிறவர்களுக்கும், இரவுப் பணி செவிலியர்களுக்கும் உடலின் கடிகாரம் வேறு விதமாக ஓடுகிறது. இவர்கள் தாம் உறங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மருத்துவரிடமும் அதையே முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. முடி உதிர்வதற்கும் நகம் உடைவதற்கும் விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் பெரிய அளவில் இருக்கிறது. பல கூடங்களில் ஹார்மோனை அளக்கப் பயன்படும் முறையே பயோட்டினைக் கொண்டு அமைந்தது என்பதால், இந்த மாத்திரை உண்பவருக்கு டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டக்கூடும். தைராய்டு மிகையாக வேலை செய்வதாகவே அறிக்கை சொல்லிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். முடி உதிர்வு தைராய்டுக் குறைவின் அறிகுறியும் கூட என்பதால், முடி உதிர்கிறது என்று பயோட்டின் உண்டு, அதே காரணத்துக்காகத் தைராய்டு பரிசோதனைக்கும் போகிறவர்களிடம் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது.

கடும் காய்ச்சலில் படுத்திருக்கும்போதோ, மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதோ எடுத்த தைராய்டு அறிக்கையைத் தனி வகையாக ஒதுக்கி வையுங்கள். நோயுற்ற உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்ள தைராய்டின் மற்றொரு ஹார்மோனான டி3யைத் தாழ்த்தும், டி.எஸ்.எச்.சும் மாறும். குணமான சில வாரங்களுக்குப் பிறகு எடுப்பதே உண்மையான அளவு.

தைராய்டு அறிக்கை

டி.எஸ்.எச்.சுக்குப் பொதுவான எல்லை 0.4 முதல் 4 வரை என்று பெரும்பாலான கூடங்கள் அச்சிடுகின்றன. கூடத்துக்குக் கூடம் சற்று மாறும். இந்த எண்ணை வாசிக்கும்போது அறிய வேண்டிய முதல் செய்தி, அது மிகவும் உணர்திறன் உள்ள எண் என்பது. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு வரை உயரக்கூடும். ஆகவே டி.எஸ்.எச். 2இலிருந்து 3.5 ஆனது என்பதைப் பார்த்துத் தைராய்டு பாதி கெட்டுவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. அன்றாட ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும்.

இரு எண்களையும் இணைத்து வாசிக்கும்போது நிலைமை தெளிவாகிறது. டி.எஸ்.எச். உயர்ந்து ஃப்ரீ டி4 தாழ்ந்திருந்தால் தைராய்டு சுரப்பியே தளர்ந்திருக்கிறது. ஏவல் பலமாக வந்தும் அதனால் சுரக்க முடியவில்லை. டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்து ஃப்ரீ டி4 உயர்ந்திருந்தால் சுரப்பி ஏவலின்றியே சுரக்கிறது, அல்லது வீங்கிப் புண்பட்டுச் சேமிப்பைக் கொட்டுகிறது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் இந்த இரண்டாவது வகை வந்து தானாகவே மாறுவதும் உண்டு. டி.எஸ்.எச். மட்டும் 5, 6, 7 என்று சற்று உயர்ந்து ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. முதியவர்களுக்கு வயதோடு டி.எஸ்.எச். சற்று உயர்வது இயல்பு. 10க்கு மேல் போனாலோ, ரத்தத்தில் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ கணக்கு வேறு.

நான்காவது சேர்க்கைதான் பெரிதும் தவறவிடப்படுவது. ஒரு பெண் பிரசவத்தின்போது மிகுந்த ரத்தப்போக்குக்கு ஆளாகி உயிர் பிழைத்தார் என்று கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, ஆண்டுகள் போகப் போக அசதி கூடுகிறது, குளிர் தாங்கவில்லை, உடல் ரோமம் உதிர்கிறது. குடும்பத்தார் அதைப் பிரசவ பலவீனம் என்று எண்ணிக் காய மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் டி.எஸ்.எச். மட்டும் பார்க்கிறார்கள், 2 என்று வருகிறது, தைராய்டுக் கோளாறு இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் ரத்தப்போக்கின்போது ரத்தம் கிடைக்காமல் அவருடைய பிட்யூட்டரி சேதமடைந்திருக்கிறது. ஏவுவதே பழுதானதால் டி.எஸ்.எச். உயர வழியில்லை. ஃப்ரீ டி4ஐயும் சேர்த்துப் பார்த்திருந்தால் அது தாழ்ந்திருப்பதும், தாழ்ந்த டி4க்கு எதிரே டி.எஸ்.எச். உயராமல் நிற்பதும் தெரிந்திருக்கும். இதற்கு ஷீஹன் நோய்க்குறி என்று பெயர். இவர்களுக்குக் கார்டிசாலும் குறைந்திருக்கக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்த பிறகே தைராய்டு மாத்திரை தொடங்குவார்கள். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தாயாருக்கோ அத்தைக்கோ சித்திக்கோ இந்தக் கதை பொருந்துமென்றால், அந்தப் பிரசவத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முந்திய ரத்தப்போக்கை யாரும் கேட்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை தொடங்கியவர்கள் அடுத்த பரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது; புதிய அளவு நிலைகொள்ளவும் பிட்யூட்டரி அதை உணர்ந்து அடங்கவும் அவ்வளவு காலம் தேவை. இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டு மாத்திரைகளும் கொடுக்கப்படுவதால், மூன்றையும் ஒரே வேளையில் விழுங்கிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; தைராய்டு மாத்திரையின் பெரும்பகுதி அப்போது உடலில் சேராமலே போய்விடும்.

நம் ஊரில் மாத்திரைப் புட்டியை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும் மாவட்டம் இது. அடுப்புக்கு மேலே, பரலுப்புப் பரணிக்கு அருகில், மூடியைத் தளர்வாக வைத்திருக்கும் புட்டியில் மாத்திரைகள் ஈரம் இழுத்து நிறம் மாறிப் பொடியத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைப்பவை. புட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறியாமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதை வேறு டப்பாவில் கொட்டி வைக்காமல், படுக்கையறை அலமாரியில் வைப்பது நல்லது.

மாத்திரை உண்ணும் பெண் கருவுற்றது தெரிந்த அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்; அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. தேவை கால் பங்குக்கு மேல் கூடும், குழந்தையின் மூளை முதல் சில மாதங்களில் தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது. பிறந்த குழந்தைக்கும் மூன்றாம் நாளை ஒட்டிக் குதிகாலில் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறவித் தைராய்டுக் குறைவுள்ள குழந்தை பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். முதல் இரண்டு வாரத்தில் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி பாதுகாக்கப்படும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றிலும் இதுவே மிகப் பெரிய பலன் தரக்கூடியது என்பது என் எண்ணம்.

உணவைப் பற்றியும் கேட்பார்கள். கடற்கரையில் வாழ்கிறோம், கடல் உப்பைச் சாப்பிடுகிறோம், எங்களுக்கு அயோடின் எப்படிக் குறையும் என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் உப்பளத்தில் விளையும் பரலுப்பில் அயோடின் மிகமிகக் குறைவு, சேர்த்தால்தான் உண்டு. சாளையிலும் அயிலையிலும் பிற கடல் மீனிலும் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கில் உள்ள ஒரு பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறித் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. எனினும் கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் நம் வழக்கம் அந்தப் பொருளைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. அயோடின் கலந்த உப்பும் மீனும் உண்ணும் வீட்டில் மரச்சீனியை அஞ்ச வேண்டியதில்லை.

சர்க்கரை அறிக்கை

வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை, 126க்கு மேல் நீரிழிவு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழ் இயல்பு, 200க்கு மேல் நீரிழிவு, சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழ் இயல்பு, 6.5க்கு மேல் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. கருவுற்றவர்களுக்கு எல்லை வேறு: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 வந்தாலே கவனிக்க வேண்டும்.

பலரைக் குழப்புவது, இரவு படுக்கும்போது 130 இருந்த சர்க்கரை, எதுவும் உண்ணாமலே விடிந்ததும் 160 ஆக நிற்பது. யாரும் திருட்டுத்தனமாக எதையும் தின்றுவிடவில்லை. விடியலை நோக்கிக் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் உயரும்போது, அவை கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை ரத்தத்தில் விடச் செய்கின்றன. நலமாக இருப்பவருக்கு இன்சுலின் அதை ஈடுகட்டிவிடும், நீரிழிவு உள்ளவருக்கு ஈடுகட்ட முடிவதில்லை. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து, எதிர்ப்பாகக் காலையில் உயர்ந்திருக்கலாமோ என்ற ஐயம் வந்தால், மருத்துவரின் யோசனைப்படி ஓரிரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது, சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால்தான். அந்த ஆயுள் மாறினால் எண்ணும் ஏமாற்றும். இரும்புச் சத்துக் குறைவு உள்ளவருக்கு அது பொய்யாகக் கூடிக் காட்டலாம். அண்மையில் ரத்தம் இழந்தவருக்கோ ஏற்றிக்கொண்டவருக்கோ குறைத்துக் காட்டலாம். ஆகவே எச்பிஏ1சியோடு ஹீமோகுளோபின் எண்ணையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள்.

இன்சுலின் அளவு, சி-பெப்டைடு ஆகியவற்றை அதே வேளையில் எடுத்த சர்க்கரை அளவு இல்லாமல் வாசிக்கவே முடியாது. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது சி-பெப்டைடும் சம அளவில் வெளிவருகிறது. ஊசி இன்சுலினில் அது கிடையாது. எனவே ஊசி போடுபவரின் சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பதை அதுதான் சொல்லும். சர்க்கரை 250 இருக்கும்போதும் சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் சுரப்பே வற்றியிருக்கிறது. உயர்ந்திருந்தால் சுரப்பு இருந்தும் உடல் அதற்கு இணங்கவில்லை. கேரளத்திலும் அதை ஒட்டிய நம் பகுதியிலும் மெலிந்த இளம் வயதினருக்கு வயிற்று வலியோடு வரும் ஒருவகை நீரிழிவு உண்டு. கணையக் குழாய்களில் கல் படிந்து சுரப்பு அழிவது அதன் இயல்பு. மரச்சீனியே அதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பிந்திய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரை வந்து, அடிக்கடி வயிற்று வலியும் இருந்தால், வயிற்று ஸ்கேன் தேவையா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கி நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அந்த நடுக்கமும் வியர்வையும் அட்ரினலின் என்ற ஹார்மோன் விடுக்கும் எச்சரிக்கை. நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள்.

கார்டிசாலும் ஸ்டீராய்டும்

ஆஸ்துமா, மூட்டு வாதம், தோல் நோய் போன்றவற்றுக்கு, கார்டிசாலைப் போலவே செயல்படும் ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. ஆனால் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டு பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்துகிறது, ஏவல் இல்லாத அட்ரினல் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உள்ளே சுரக்க எதுவும் இல்லை. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று ஓரிரு நாளில் நிலைமை கைமீறும். படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

உள்ளடக்கம் எழுதப்படாமல் பொட்டலமாகத் தரப்படும் வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் தரும் மருந்துகளை நான் இங்கே குறிப்பிடவில்லை. யார் தயாரித்தது என்று தெரியாத பொடியைத்தான் சொல்கிறேன். உண்ட மறுநாளே வலி மாயமாக மறைந்து, சில மாதங்களில் முகம் உருண்டு, கை கால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிற வரிகள் தோன்றினால் அந்தப் பொடியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம். இவர்களின் அறிக்கையில் கார்டிசாலும் தாழ்ந்திருக்கும், ஏ.சி.டி.எச்.சும் தாழ்ந்திருக்கும். கார்டிசால் தாழ்ந்து ஏ.சி.டி.எச். உயர்ந்திருந்தால் அட்ரினலே அழிந்திருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் காசநோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உயர்ந்த ஏ.சி.டி.எச். தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால், வெயில் படாத உள்ளங்கை ரேகையும் ஈறும் விரல் முட்டிகளும் கறுக்கும். வெயிலில் வேலை செய்பவரிடம் முகத்தைப் பார்த்து இதைக் கண்டறிய முடியாது. கையை விரித்தும் வாயைத் திறந்தும் காட்டச் சொல்ல வேண்டும்.

மற்றவை

பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்து கால்சியமும் உயர்ந்திருந்தால் சுரப்பியில் கட்டி இருக்கலாம். ஹார்மோன் உயர்ந்து கால்சியம் தாழ்ந்தோ இயல்பாகவோ இருந்தால் வைட்டமின் டி குறைவையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். தைராய்டு அறுவைக்குப் பிந்திய நாள்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்தது போலக் குறுகுறுத்தால் கால்சியம் தாழ்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு நேர்ந்தால் அன்றே திரும்பிப் போங்கள்.

சினைப்பையை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றை மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எடுப்பது வழக்கம். எந்த நாள் என்று எழுதாத அறிக்கைக்கு மதிப்பில்லை. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மன அழுத்தத்திலும் உறங்கி எழுந்தவுடனும் உயரும். தைராய்டுக் குறைவிலும் உயரும் என்பதால் டி.எஸ்.எச். பார்க்காமல் அதற்கு மருந்து தொடங்கக் கூடாது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் காலை ஏழு முதல் பத்து மணிக்குள் எடுக்க வேண்டியது.

மருத்துவரிடம் போகும்போது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், திருவனந்தபுரத்துக்குப் போனாலும், பழைய அறிக்கைகளை நாள் வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். இரண்டு கூடங்களின் எண்களை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். ஃப்ரீ டி4 ஓரிடத்தில் 1.2 என்றும் மற்றோரிடத்தில் 15.4 என்றும் வந்தால் பதற வேண்டாம். முன்னது டெசிலிட்டருக்கு நானோகிராம், பின்னது லிட்டருக்குப் பிகோமோல். 12.87ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. இயன்றவரை ஒரே கூடத்தில் தொடர்வது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் தேதி, ரத்தம் எடுத்த மணி, எழுந்த மணி, கடைசியாக உண்டது, அன்று உண்ட மாத்திரைகள், மாதவிலக்கு நாள், எண், அதன் இணை எண் என்று எழுதி வாருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மிகச் சிலவே: இந்த எண்ணின் இணையைப் பார்த்தாயிற்றா, இதை மீண்டும் எடுத்து உறுதிசெய்ய வேண்டுமா, அடுத்த பரிசோதனை எத்தனை வாரத்தில், அதுவரை எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும். பதிலையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுக்குப் பதிலாக மகனோ மருமகளோ துணைக்குப் போக நேர்ந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.